வழிப்போக்கர் கடமை

திருநின்றவூருக்கு மேற்கே, வேப்பம்பட்டைக் கடந்து வரும் சாலையில், சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு எட்டு மணி சுமாருக்கு நடந்த ஒரு சிறு சம்பவத்தை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அதில் நமக்குப் பெருமை தருவது ஒன்றுமில்லை. ஆயினும் எழுதத் துணிந்தோம். பிறருடைய குற்றங்களை எடுத்துக்காட்ட இப்பத்திரிகையில் நாள்தோறும் இடம் ஒதுக்குகிறோம். ஆசிரியனுடைய குற்றத்துக்கும் ஒரு நாள் இடம் கொடுப்பது நியாயமேயாகும்.

திருவள்ளூரில் ஒரு வழக்கு விஷயமாகப் போயிருந்து, மோட்டாரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பொழுதுதான் மழை தூறி நின்றிருந்தது. சாலையின் இடப்புறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் அருகில் ஒருவர் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தார். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அம்மாள், வருகிற வண்டிகளையெல்லாம் நோக்கிக் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். நமது டிரைவர் வேகத்தைக் குறைத்து, "நிறுத்தட்டுமா, ஸார்?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் நமது மௌனத்தின் பொருளை அவர் சரியாகவே அறிந்துகொண்டார். வண்டி போய்விட்டது.

அந்தச் சில விநாடிகளில் நமது மனத்தில் ஓடியவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இருட்டு வேளை, இவர்கள் யாரோ, எவரோ, ஒருவேளை குடித்துவிட்டு விழுந்திருக்கலாம், நிறுத்தினால், இடித்தது நமது வண்டியே என்று கூட்டம் சூழ்ந்துகொள்ளலாம், போலீஸ் ஸ்டேஷன், வாக்குமூலம், சாட்சிக்கூண்டு என்று மாதக்கணக்கில் அலைய நேரலாம், மறுநாள் இதழுக்குரிய தலையங்கம் பாதியில் நிற்கிறது, பின்னால் வருகிறவர் யாரேனும் பார்த்துக்கொள்வார். இத்தனை காரணங்களும் ஒருங்கே வந்து நின்றன. நிறுத்துவதற்கு இருந்த காரணமோ ஒன்றுதான். அது சாலையோரத்தில் கிடந்தது.

திருநின்றவூர்க் கடைத்தெருவின் விளக்குகளைக் கண்டதும் நமக்கு வெட்கம் பிறந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னோம். நெரிசலில் திரும்பி அவ்விடம் போய்ச் சேரப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அங்கே மோட்டார் சைக்கிளும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன, மனிதர்கள் இல்லை. எதிர்ப்புறத்து டீக்கடைக்காரரை விசாரித்தோம். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தமது வண்டியிலிருந்த பிரயாணிகளை இறக்கிவிட்டு, அம்மூவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதாகச் சொன்னார். "ஆட்டோக்காரருக்குத் தெரிந்தவர்களோ?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்து, "தெரிந்தவர்களா என்று கேட்டா ஸார் ஏற்றுவார்கள்?" என்றார். அந்த மனிதர் பிழைத்தாரா, இல்லையா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

உதவுகிறவருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பைப் பற்றி நாமே கூட்டங்களில் பேசியிருக்கிறோம். விதிகளின் எண்களும் நமக்கு மனப்பாடம். அவ்விதிகளை அந்த ஆட்டோக்காரர் கேள்விப்பட்டிருப்பாரோ என்பது சந்தேகமே. சட்டம் அறிந்தவன் கடந்து போனான், அறியாதவர் நின்றார். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் என்னவென்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் விஷயத்தின் அளவைப் பார்ப்போம். மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022இல் நமது மாநிலத்தில் நடந்த சாலை விபத்துக்கள் 64,105. வேறெந்த மாநிலத்திலும் அவ்வருஷம் இத்தனை விபத்துக்கள் நேரவில்லை. அவற்றில் மாண்டவர்கள் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்கு 49 பேர். தேசம் முழுவதிலும் மாண்டவர்கள் 1,68,491 பேர். யுத்தத்தில் இத்தனை பேர் மடிந்தால் தேசம் துக்கம் கொண்டாடும். அடிபட்டவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்குமாயின், மாண்டவர்களில் சுமார் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சட்டக் கமிஷன் 2006இல் வெளியிட்ட 201ஆவது அறிக்கை சுட்டியது. அந்த ஒரு மணி நேரம் டாக்டருடைய கையில் இல்லை; போலீஸாருடைய கையிலும் இல்லை. அது அவ்வழியே முதலில் வருகிற அந்நியர் கையில் இருக்கிறது.

அந்த அந்நியர் ஏன் நிற்பதில்லை? ஜனங்களுடைய நெஞ்சு வறண்டுவிட்டது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையன்று. ஸேவ் லைஃப் பவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம் 2013இல் நாட்டின் பல நகரங்களில் ஜனங்களை விசாரித்தது. வழியில் அடிபட்டுக் கிடப்பவருக்கு உதவ மாட்டோம் என்று 100க்கு 74 பேர் கூறினர். அவ்வாறு கூறியவர்களில் 100க்கு 88 பேர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணையும் கோர்ட்டு அலைச்சலுமே. இது கல் நெஞ்சத்தின் பேச்சன்று, பயத்தின் பேச்சு. அந்தப் பயமும் வீண் பயம் என்று அக்காலத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவரை, காயப்படுத்தியவராகவே பார்க்கும் வழக்கம் இந்நாட்டில் வெகுகாலம் இருந்தது. 'உன் பெயர் என்ன? பணம் யார் கட்டுவது?' என்ற கேள்விகளுக்குப் பிறகே நாடி பிடித்துப் பார்க்கப்பட்டது.

இந்த வழக்கத்தை மாற்றுவதற்குச் சட்டம் முப்பது வருஷம் எடுத்துக்கொண்டது. காரில் அடிபட்ட ஒரு ஸ்கூட்டர்க்காரரை யாரோ ஒரு புண்ணியவான் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றார். போலீஸ் சம்பந்தமுள்ள கேஸ்களை நாங்கள் பார்ப்பதில்லையென்று அவர்கள் 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினர். வழியிலேயே உயிர் போயிற்று. பத்திரிகையில் வந்த இச்செய்தியை வைத்துக்கொண்டு பரமானந்த் கடாரா என்பவர் ஸுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றார். முதலில் உயிரைக் காப்பாற்றுவதே டாக்டருடைய கடமை, சட்ட நடவடிக்கைகள் பிறகுதான் என்று 1989 ஆகஸ்டு 28ஆம் தேதி நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். டாக்டருடைய கடமை இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. ஆனால் கொண்டுவந்த புண்ணியவானுடைய கதி என்ன என்பதைப் பற்றித் தெளிவான விதி ஏற்பட மேலும் 27 வருஷம் சென்றது.

அதற்கு வழி செய்தவர் பியூஷ் திவாரி. அவருடைய நெருங்கிய உறவினனான ஒரு பள்ளிச் சிறுவன் 2007இல் சாலையில் அடிபட்டு, பலர் பார்த்துச் செல்ல, உதவியின்றி மாண்டான். அத்துயரத்திலிருந்து பிறந்ததே மேலே சொன்ன ஸ்தாபனம். அது 2012இல் ஸுப்ரீம் கோர்ட்டில் மனுச் செய்தது. 2015 மே 12ஆம் தேதி மத்திய சர்க்கார் சில நெறிமுறைகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30ஆம் தேதி ஸுப்ரீம் கோர்ட் அவற்றுக்குச் சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குரிய விதிகள் 2020 செப்டம்பரில் வெளிவந்தன. ஏசுநாதர் சொன்ன உபமானக் கதையிலிருந்து பெயரெடுத்து, உதவுகிறவரை 'நல்ல சமாரியர்' என்று அச்சட்டம் அழைக்கிறது.

அவ்விதிகள் சொல்வதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரதிபலன் கருதாமல், நல்லெண்ணத்துடன் உதவுகிறவர் மீது, அடிபட்டவர் பிறகு இறந்துபோனாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ தொடர முடியாது. அவர் தமது பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டுமென்று போலீஸார் வற்புறுத்தக் கூடாது. தாமாக விரும்பினாலன்றி அவர் சாட்சியாக வேண்டியதில்லை. விரும்பிச் சாட்சியானால், அவருக்கு வசதியான இடத்திலும் நேரத்திலும், போலீஸ் உடுப்பு அணியாத அதிகாரி ஒருவர் ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். மதம், ஜாதி, ஆண் பெண் என்ற பேதமின்றி அவரை மரியாதையாக நடத்த வேண்டும். இவ்வுரிமைகளை அந்தந்தப் பிரதேசத்து மொழியிலும் எழுதி, ஒவ்வோர் ஆஸ்பத்திரியின் வாயிலிலும் மாட்ட வேண்டும்.

பணத்தைப் பற்றிய பயத்துக்கும் இப்பொழுது இடமில்லை. 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' திட்டப்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எம்மாநிலத்தவராயினும் எந்நாட்டவராயினும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு அவரிடம் பணம் கேட்பதில்லை. மத்திய சர்க்காரும் 2025 மே மாதத்தில், 7 நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு ஒரு திட்டம் அறிவித்தது. ஆகவே, கொண்டுவந்து சேர்த்தவர் தலையில் செலவு விழுமோ என்ற அச்சம் வேண்டுவதில்லை.

ஸுப்ரீம் கோர்ட் வலிமை அளித்த பின்னரும், 2018இல் அதே ஸ்தாபனம் மறுபடியும் விசாரித்தபோது, 100க்கு 84 பேர் இத்தகைய சட்டப் பாதுகாப்பு இருப்பதையே அறிந்திருக்கவில்லை. சட்டப் புஸ்தகத்தில் தூங்கும் உரிமை, பெட்டியில் பூட்டிய மருந்தைப் போன்றது. விதி கட்டளையிடும் அந்த அறிவிப்புப் பலகையை எத்தனை ஆஸ்பத்திரி வாயில்களில், கண்ணுக்குத் தெரியும்படி, தமிழில் வாசகர்கள் கண்டிருக்கிறார்கள் என்று அவர்களையே கேட்கிறோம்.

வக்கீல் என்ற முறையில் ஒன்றைக் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம். 134ஏ பிரிவு மோட்டார் விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைப் பற்றியதே. வெயிலில் மயங்கி விழுந்த பாதசாரியையும், மாரடைப்பால் சரிந்த பிரயாணியையும் அப்பிரிவு சொல்லவில்லை. ஆனால், தன் சம்மதத்தைத் தெரிவிக்க முடியாத நிலையிலுள்ள ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்பது 1860ஆம் வருஷத்துப் பீனல் கோடிலேயே இருந்தது. இப்பொழுது நடைமுறையிலுள்ள பாரதீய நியாய ஸம்ஹிதையின் 30ஆவது பிரிவிலும் இருக்கிறது. ஆகையால் நல்லெண்ணத்துடன் கை கொடுப்பவர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

உதவாமல் போகிறவரைத் தண்டித்தால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் அத்தகைய சட்டம் உண்டு. ஆபத்திலுள்ளவருக்கு, தமக்கு அபாயமின்றி உதவக்கூடியவர் உதவாமற் போனால், அங்கே சிறைத் தண்டனையே விதிக்கலாம். நம் நாட்டுக்கு அது இப்பொழுது பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம். நேற்றுவரை உதவினவரை அலைக்கழித்த சட்டம், இன்று உதவாதவரைத் தண்டிக்கப் புறப்பட்டால், ஜனங்கள் அதை மதிக்க மாட்டார்கள், பயப்படவே செய்வார்கள். பயப்படுகிறவர், விபத்தைப் பார்க்கவேயில்லை என்று சாதிப்பார். சட்டம் முதலில் ஜனங்களுடைய நம்பிக்கையைச் சம்பாதிக்கட்டும்.

இனி இரண்டாவது பயத்தை எடுத்துக்கொள்வோம். உதவி கேட்டு நிற்பவர் திருடராக இருந்தால்? பழுதான வண்டியைப் போல் காட்டி, நிறுத்தியவர்களை மடக்கிக் கொள்ளையடிப்பதும் உலகில் நடப்பதுதான். இதைக் கோழைத்தனமென்று நாம் ஏளனம் செய்யத் தயாராக இல்லை. தனியே வண்டி ஓட்டி வரும் ஒரு பெண்மணி, நள்ளிரவில், விளக்கில்லாத சாலையில் இறங்க வேண்டுமென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், இறங்கி உதவுவது, அல்லது ஒன்றும் செய்யாமற் போவது என்று இரண்டே வழிகள்தாம் உண்டு என எண்ணுவதே பிசகு. இடையில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. வண்டியை விட்டு இறங்காமல் 108க்குச் சொல்லலாம். போலீஸுக்கு 112இல் சொல்லலாம். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033இல் சொல்லலாம். சற்று முன்சென்று, வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ நிறுத்தி நான்கு பேரை அழைத்து வரலாம். பின்னால் வரும் பஸ்ஸையும் லாரியையும் கை காட்டி நிறுத்தி, துணையோடு அணுகலாம். கண்ணாடியைச் சிறிது இறக்கி, "சொல்லியாகிவிட்டது, வண்டி வருகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னாற்கூட, அந்த இருட்டில் நிற்பவருக்கு அது பெரிய ஆறுதல். அன்றிரவு நமது கையில் கைபேசி இருந்தது. அதை எடுத்து மூன்று இலக்கங்களை அழுத்தத் திருடர் பயம் தடையாக இருக்கவில்லை.

பின் எது தடையாக இருந்தது? நமக்கு நேரமில்லை; அவ்வளவுதான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரத்து வேத சாஸ்திரக் கல்லூரி மாணவர்கள் 40 பேரைக் கொண்டு டார்லி, பாட்ஸன் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள் செய்த ஒரு பரீட்சையின் முடிவு 1973இல் வெளிவந்தது. மாணவர்களைத் தனித்தனியே அடுத்த கட்டிடத்துக்குச் சென்று பேசும்படி அனுப்பினர். சிலர் பேச வேண்டிய விஷயம் அந்த நல்ல சமாரியன் கதையே. வழியில் ஒருவரை, இருமி முனகியபடி வாயிற்படியில் சாய்ந்திருக்கச் செய்தனர். நேரம் இருக்கிறதென்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 100க்கு 63 பேர் உதவினர். நேரமாகிவிட்டது, விரைந்து போங்கள் என்று அனுப்பப்பட்டவர்களிலோ 100க்கு 10 பேரே உதவினர். பேசப்போகிற விஷயம் தர்மமா வேறா என்பது பெரிய வித்தியாசம் உண்டாக்கவில்லை. தர்மத்தைத் தின்பது குரோதமன்று, அவசரமே என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

நமது ஜில்லாவிலேயே இதற்கு எதிர்ப்பக்கத்துச் சாட்சியம் இருக்கிறது. 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டிக்கு இப்பாலுள்ள கவரைப்பேட்டையில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதிப் பெட்டிகள் கவிழ்ந்தன. கடவுளருளால் உயிர்ச்சேதமில்லை, பலர் காயமுற்றனர். இருட்டில், பாஷை தெரியாத ஊரில், மூட்டை முடிச்சுக்களுடன் இறங்கி நின்ற வடநாட்டுப் பிரயாணிகளிடம் முதலில் ஓடியவர்கள் அவ்வூர் ஜனங்களே. அருகிலிருந்த கல்யாண மண்டபங்களில் அவர்களைத் தங்கவைத்து, உணவு கொடுத்து, விசேஷ ரயிலில் அனுப்பிவைத்தனர். இது நாம் கொடுத்த தானமுமன்று. பட்ட கடனைத் தீர்த்ததேயாகும். 2023 ஜூன் 2ஆம் தேதி, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிஸாவில் பாலசோர் அருகே விபத்துக்குள்ளாகி, 290க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளிலிருந்து பிரயாணிகளை இழுத்துக் காப்பாற்றியவர்களும், இரவோடிரவாக ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களும் அப்பிரதேசத்து ஜனங்களே அல்லவா?

ரயில் கவிழ்ந்தால் ஓடி வருகிற அதே ஜனங்கள், ஒருவர் கவிழ்ந்தால் ஏன் விலகிப் போகிறார்கள்? கூட்டத்தில் இருப்பவனை யாரும் தனியே பிடித்து விசாரிக்க மாட்டார்கள். ஊரே நிற்கும்போது அவசரம் என்பதும் இல்லாமற் போகிறது. நெடுஞ்சாலையில் மோட்டாரில் போகிறவனோ தனியன். அவன் ஒருவனே பார்க்கிறான். ஒருவனே தீர்மானிக்க வேண்டும். பார்க்காதது போலப் போனாலும் கேட்பவர் இல்லை. அம்பத்தூர், ஆவடி தொழிற்சாலைகளிலும், கும்மிடிப்பூண்டிப் பேட்டையிலும் வேலை செய்யும் ஒடிஸா, பீகார், அஸ்ஸாம் தொழிலாளிகள் அதிகாலை ஷிப்டுக்கு இருட்டில் நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள். அவர்களில் ஒருவர் விழுந்தால், கூவி அழைக்கத் தமிழ்கூட அவருக்குத் தெரியாது. அவருக்கு இங்கே ஊராருமில்லை, உறவுமில்லை. முதலில் வருகிற வண்டிதான் அவருக்கு உறவு.

நமது முன்னோர் இவ்விஷயத்தை எவ்வாறு நோக்கினர் என்பதைச் சிந்திக்க வேண்டும். பழைய சாலைகளின் ஓரத்தில் இன்றும் அங்கங்கே சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல்லை நிறுத்தி அதன்மேல் ஒரு கல்லை ஆளுயரத்துக்குப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன் கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்களின் ஞாபகார்த்தமாக அவர்கள் குடும்பத்தார் நட்டவை அவற்றில் பல. அக்கல்லை நட்டவர், அதில் சுமை இறக்கப் போகிறவர் யாரென்று அறியார். அவர் நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்கவுமில்லை. அந்நியருக்கு உதவலாமா என்ற கேள்விக்கு, அந்நியர் வருவதற்கு முன்னமே கல்லினால் விடை எழுதி வைத்துவிட்டனர். இந்தக் குணம் நம்மிடம் இன்னும் அழிந்துவிடவில்லை. சென்னையிலிருந்து திருநின்றவூர், திருவள்ளூர், திருத்தணி வழியாகத் திருப்பதிக்குப் போகும் இதே சாலையில், புரட்டாசியில் பாதயாத்திரை போகிறவர்களுக்குப் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கிறவர்கள் எத்தனை பேர்! அது முன்கூட்டியே தீர்மானித்த தர்மம், ஆகையால் நடக்கிறது.

இங்கேதான் நாம் கண்டுகொண்ட பாடம் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் ஒரு விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் செல்கிறது. 'நிற்கலாமா, வேண்டாமா' என்று பத்து விநாடி யோசித்தால் 170 மீட்டர் தாண்டிவிடுகிறோம். அதற்குப் பிறகு திரும்புவது இன்னொரு தீர்மானமாகிவிடுகிறது. அதைச் செய்கிறவர் மிகச் சிலரே. ஆகையால், சாலையில் இதைத் தீர்மானிக்க முடியாது. யோசிக்கத் தொடங்கியவன் போய்விடுவான். நிற்கிறவன், வீட்டைவிட்டுப் புறப்படும் முன்பே நிற்பதென்று முடிவு செய்துகொண்டவன். அந்த ஆட்டோக்காரர் அவ்விடத்தில் யோசித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறோம். என்றோ ஒரு நாள், தம் தாயிடமோ, தமக்கு நேர்ந்த ஆபத்திலோ, அதை அவர் கற்று முடித்திருக்க வேண்டும்.

இவ்வுண்மைக்குத் திருநின்றவூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பூசலார் நாயனார் பிறந்த ஊரல்லவா அது! சிவபெருமானுக்குக் கோயில் கட்ட ஆசைகொண்டு, பொருள் கிடைக்காமல், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, தச்சரை வரவழைத்து, நல்ல நாளில் அடிநிலையிட்டு, இரவும் பகலும் உறங்காமல் கோயிலைக் கட்டி முடித்தார் அவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் கும்பாபிஷேக நாளும் அந்நாளாக அமைய, இறைவன் மன்னன் கனவில் தோன்றி, 'நின்றவூரில் பூசல் கட்டிய கோயிலுக்குப் போகிறோம், உன் விழாவைத் தள்ளிவை' என்று கூறியதாகச் சேக்கிழார் பாடுகிறார். இருதயாலீசுவரர் கோயில் என்று இன்றும் அவ்வூரில் ஒரு கோயில் விளங்குகிறது. மனத்தில் ஒன்றைக் கட்டுவதென்றால், எண்ணிவிட்டு மறப்பதன்று. கல்மேல் கல்லாக, நாள்தோறும் கட்டுவது என்பதை நாயனார் காட்டினார். நாமும் அவ்வாறே முன்கூட்டி மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. மனத்தில் கட்டிய கோயில் இறைவனுக்குப் போதும். சாலையில் கிடப்பவருக்கு மனத்தில் நினைத்த உதவி போதாது.

ஆகவே வாசகர்கள், பிரயாணம் புறப்படும்போது டயரில் காற்றுப் பார்ப்பது போலவே, சிலவற்றை முடிவு செய்துகொள்ளுமாறு வேண்டுகிறோம். விழுந்து கிடப்பவரைக் கண்டால் குறைந்தபட்சம் 108க்குச் சொல்லாமல் கடப்பதில்லை என்பது முதலாவது. இறங்குவது அபாயமென்று தோன்றினால், வெளிச்சமும் துணையும் உள்ள இடத்தில் நிற்பது இரண்டாவது. இறங்கினால் செய்யத் தகாததைச் செய்யாதிருப்பது மூன்றாவது. நினைவிழந்தவர் வாயில் தண்ணீரோ ஸோடாவோ ஊற்றுவது நம் ஜனங்களுடைய அன்பான வழக்கம். ஆனால் அது மூச்சுக்குழலில் சென்று உயிரைப் போக்கிவிடும். கழுத்தும் முதுகும் அடிபட்டவரைப் பிடித்துத் தூக்கி உட்கார வைப்பதும் அவ்வாறே. ரத்தம் கொட்டும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். பின்னால் வரும் வண்டிகளுக்கு எச்சரிக்கை செய்யுங்கள். பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டிருங்கள். வண்டி பழுதாகி வெறுமனே நிற்பவரையும் மறந்துவிட வேண்டாம். அவருக்கு வேண்டியது பெரும்பாலும் ஒரு டெலிபோன் அழைப்போ, ஒரு குடம் தண்ணீரோ, அடுத்த ஊர் வரை ஓர் இடமோதான்.

சர்க்காருக்கும் சொல்லவேண்டியது உண்டு. உதவினவருக்கு 2021இல் 5,000 ரூபாய் வெகுமதி ஏற்படுத்தி, 2025இல் அதை 25,000 ரூபாயாக்கினர். நல்லதே, ஆனால் அந்த ஆட்டோக்காரர் ரூபாயை எதிர்பார்த்துப் பிரயாணிகளை இறக்கிவிடவில்லை. அவர் இழந்த கூலியைவிட, ஆஸ்பத்திரி வாயிலில் அவரை வரவேற்கும் குரலே முக்கியமானது. உரிமைப் பலகை ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாயிலிலும் தமிழில் இருக்கிறதா என்று ஜில்லாக் கலெக்டர்கள் நேரில் பார்க்கட்டும். டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வருகிறவரிடம் சாலைக் குறிகளைக் கேட்பது போல், 134ஏ பிரிவையும் கேட்கட்டும். போலீஸ் ஸ்டேஷன்களில் புதிதாகச் சேரும் கான்ஸ்டேபிள்களுக்கு இதை முதற்பாடமாக்கட்டும். அந்நிய ஆட்சியில் ஜனங்கள் போலீஸைக் கண்டு ஒதுங்கியது இயல்பு. சுதந்திர நாட்டில், ஒருவர் உயிரைக் காப்பாற்றியவர் போலீஸைக் கண்டு ஒதுங்குவாராயின், அது ஆட்சிக்கு அவமானம்.

அந்த ஒற்றைச் செருப்பு நமது கண்ணை விட்டு இன்னும் அகலவில்லை. அது யாருடையதென்று நமக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. அடுத்த நாள் புறப்படும் முன், நமது டிரைவரிடம் ஒரு வார்த்தை சொன்னோம்: "இனிமேல் யாராவது கிடந்தால் என்னைக் கேட்காதே அப்பா, நிறுத்து." அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாது, ஸார்" என்றார்.